நான் அனுப்பிய ஆள்

என் கணவர் என்னை முதன்முதலாக "நீங்க" என்று சொன்னபோது எனக்குச் சிரிப்புதான் வந்தது. காலையில் காபியைக் கொண்டுபோய் நீட்டினேன். இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு, உங்களுக்கு எதுக்குங்க சிரமம், ரொம்ப நன்றி என்றார். கல்யாணமான நாளிலிருந்து என் காபிக்கு அவர் நன்றி சொன்னதே கிடையாது. சர்க்கரை குறைச்சல், ஆறிப்போச்சு, இன்னும் வரலையா, இந்த மூன்றில் ஒன்றுதான் வரும். சரி, மனுஷனுக்கு வயசான காலத்தில் குறும்பு வந்துவிட்டது என்று நினைத்து, இதுக்குத்தானேங்க சம்பளம் வாங்கறேன் என்று நானும் பதிலுக்கு ஒன்று போட்டேன். அவர் சிரிக்கவில்லை. அப்படியா என்று கேட்டுத் தலையாட்டிக்கொண்டார்.

நாங்கள் இரண்டு பேரும் ஒரே வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்கள். நான் டெலிபோன் ஆபரேட்டர், அவர் கையெழுத்துப் பிரிவு. கம்ப்யூட்டர் வராத காலம் அது. கணக்கு வைத்திருப்பவர்கள் ஆரம்பத்திலேயே ஒரு அட்டையில் மாதிரிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருப்பார்கள். காசோலை வந்தால், அதிலிருக்கும் கையெழுத்தையும் அட்டையில் இருப்பதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்து, இது அதே ஆள்தான், இது இல்லை என்று சொல்வது அவர் வேலை. ஒரு பெரிய உருப்பெருக்கிக் கண்ணாடி எப்போதும் மேசைமேல் இருக்கும். ஆபீஸில் அவருக்குப் பூதக்கண்ணாடி என்றே பெயர் வைத்திருந்தார்கள். முகத்துக்கு நேராகவே அப்படிக் கூப்பிடுவார்கள், அவரும் கோபப்படாமல் என்ன என்று திரும்புவார்.

தொழிலைப் பற்றி அவர் ஒன்றைத்தான் அடிக்கடி சொல்வார். கள்ளக் கையெழுத்தைக் காட்டிக்கொடுப்பது வித்தியாசம் இல்லையாம், ஒற்றுமையாம். சொந்தக்காரன் அவசரத்தில் போடுவான், எரிச்சலில் போடுவான், யாரோடாவது பேசிக்கொண்டே போடுவான். ஒரு நாள் போட்டது போல இன்னொரு நாள் இருக்காது. அட்டையில் இருப்பது அச்சு அசலாக அப்படியே வந்திருந்தால் அவர் நிமிர்ந்து உட்கார்ந்துவிடுவார். "அசல் ஆளு அலட்சியமா போடுவான். போலிதான் பார்த்துப் பார்த்துப் போடுவான்" என்பார். இந்தப் பேச்சைக் கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளித்துப்போயிருந்தது. பிற்பாடு இதுவே என்னைப் படாத பாடு படுத்தும் என்று யார் கண்டது?

எங்களுடையது குரலில் ஆரம்பித்த பழக்கம். வெளியூர்க் கிளைகளோடு பேச வேண்டுமென்றால் அவர் என்னிடம்தான் லைன் கேட்க வேண்டும். நான் மேல்மாடி, அவர் கீழ்த்தளம். நாளடைவில் லைன் தேவைப்படாமலே கூப்பிட ஆரம்பித்தார். முகம் பார்க்காமலே பல மாதம் பேசினோம். முதல்முறையாக கேன்டீனில் என்னை நேரில் பார்த்தபோது, கையெழுத்தைப் பார்ப்பது போலவே நிதானமாகப் பார்த்துவிட்டு, குரலை வைத்து வேறு மாதிரி நினைத்திருந்தேன் என்றார். எந்த மாதிரி என்று கல்யாணத்துக்கு அப்புறமும் அவர் வாயிலிருந்து வரவழைக்க முடியவில்லை. மனசு சந்தோஷமாக இருந்தால் மட்டும் வீட்டிலும் என்னை ஆபரேட்டர் என்று கூப்பிடுவார்.

நோய் முதலில் கையில்தான் வந்தது. எழுத்து சின்னதாகிக்கொண்டே போனது. வரியை ஆரம்பிக்கும்போது ஒழுங்காக இருக்கும், முடியும்போது எறும்பு ஊர்ந்த மாதிரி இருக்கும். ஒரு நாள் அவருடைய சொந்தக் காசோலையையே கையெழுத்து ஒத்துவரவில்லை என்று வங்கி திருப்பி அனுப்பிவிட்டது. நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அவர் அதைக் கண்ணாடி வைத்துப் பார்த்துவிட்டு, அந்தப் பையன் செய்தது சரிதான், நானாக இருந்தாலும் திருப்பித்தான் அனுப்பியிருப்பேன் என்றார். பிறகு நடை சுருங்கியது. தூக்கத்தில் யாரோடோ மல்லுக்கட்டுவது போலக் கையையும் காலையும் உதற ஆரம்பித்தார். என் விலா எலும்புக்கு ஆபத்து வந்ததால் கட்டிலைப் பிரித்துப் போட்டோம். எல்லாம் வயசுக் கோளாறு என்று விட்டுவிட்டோம்.

அப்புறம் ஆட்கள் வந்தார்கள். ஹாலில் சோபாவுக்குப் பின்னால் நாலைந்து பேர் வரிசையாக நிற்கிறார்கள் என்பார். பேச மாட்டார்களாம், பொறுமையாக நிற்பார்களாம். அவருக்குப் பயம் எதுவும் இல்லை. வங்கியில் இருந்தவருக்கு வரிசை புதிதா என்ன. பாவம், ரொம்ப நேரமாக நிற்கிறார்கள், உட்காரச் சொல்லு என்பார். நானும் நாற்காலியை இழுத்துப் போடுவேன். ஒரு மத்தியானம் பொறுமை போய், கவுண்டர் மூடியாச்சு, எல்லோரும் நாளைக்கு வாங்க என்று என் பழைய ஆபீஸ் குரலில் அறிவித்துப் பார்த்தேன். போய்விட்டார்கள் என்றார். எனக்கே கொஞ்சம் பெருமையாக இருந்தது. வெளியூரில் இருக்கும் எங்கள் மகளிடம் இதை போனில் சொன்னபோது அவள் சிரிக்கவே இல்லை.

அந்த "நீங்க" வந்த அன்று சாயங்காலம், நான் துணி மடித்துக்கொண்டிருந்தபோது, அவர் எதிரே வந்து உட்கார்ந்து மிகவும் மரியாதையாகக் கேட்டார்.

"தப்பா நினைச்சுக்காதீங்க. என் வீட்டுக்காரி எப்ப வருவா?"

கையிலிருந்த துணியைக் கீழே வைத்தேன். நான்தானேங்க அது என்றேன். அவர் சங்கடமாகச் சிரித்தார். கல்யாண போட்டோவைக் கழற்றிக்கொண்டு வந்து முகத்துக்குப் பக்கத்தில் பிடித்துக் காட்டினேன். நெற்றியில் இருக்கும் தழும்பைக் காட்டினேன். அவருக்கும் எனக்கும் மட்டுமே தெரிந்த சங்கதிகளை, மகளிடம்கூடச் சொல்லாததை, வெட்கத்தை விட்டு ஒவ்வொன்றாக எடுத்துச் சொன்னேன். அவர் எல்லாவற்றையும் உன்னிப்பாகக் கேட்டார். அவர் நிமிர்ந்து உட்கார்ந்த விதத்தைப் பார்த்ததுமே எனக்குத் தெரிந்துபோயிற்று.

"நல்லா கத்துக்கிட்டு வந்திருக்கீங்க" என்றார். "ஒண்ணுகூடப் பிசகல. அதான் எனக்கு இடிக்குது."

தலைகீழாக நின்று பார்த்தேன். அவருக்குப் பிடித்த நீலப் புடவையைக் கட்டிக்கொண்டேன், பழைய மாதிரி தலையை வாரிக்கொண்டேன், எப்போதும் சொல்லும் குத்தல் பேச்சை எப்போதும் சொல்லும் இடத்தில் சொன்னேன். நான் எவ்வளவுக்கு எவ்வளவு நானாக இருந்தேனோ அவ்வளவுக்கு அவ்வளவு அவர் முகத்தில் சந்தேகம் ஏறியது. கடைசியில் எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. நான் என்ன காசோலையா, என்னை என்ன கண்ணாடி வைத்துப் பார்க்கிறீர்கள் என்று வாய்க்கு வந்தபடி கத்தினேன். அவர் பயந்து சுவரோரமாக ஒதுங்கிக்கொண்டார். கத்தினால் பயப்படுகிற மனுஷனே இல்லை அவர். அதைப் பார்த்த பிறகு எனக்குக் கத்தத் தெம்பு வரவில்லை.

சில நாள் கழித்து, குப்பையைக் கீழே போட்டுவிட்டு மேலே வந்தால் கதவு உள்ளே தாழ்ப்பாள் போட்டிருந்தது. தட்டினேன், மணி அடித்தேன், திறக்கவில்லை. எதிர்வீட்டுக் கதவு கொஞ்சமாகத் திறந்து மூடியது. மானம் போகிறதே என்று கதவோடு வாயை வைத்து, என்னங்க, நான்தாங்க, கதவைத் திறங்க என்றேன். தாழ்ப்பாள் தடதடவென்று விலகியது. கதவைத் திறந்தபோது அந்த முகத்தில் இருந்த சந்தோஷத்தை நான் பார்த்தேன். அடுத்த நொடி என் முகத்தைப் பார்த்தார், எல்லாம் வடிந்துவிட்டது. எனக்குப் பின்னால் படிக்கட்டில் எட்டிப் பார்த்தார். வேறு யாரையோ தேடுகிறார் என்பது புரிந்தது. ஏன் என்பது அப்போது புரியவில்லை.

மகள் ஓடிவந்தாள். அவளை அவருக்கு அடையாளம் தெரிந்தது. என்னை மட்டும்தான் தெரியவில்லை. அதற்கு நான் என்ன பாவம் செய்தேன் என்று அவள் எதிரிலேயே கேட்டு அழுதேன். மனநல மருத்துவரிடம் அழைத்துப் போனோம். அவர் பொறுமையாகத்தான் கேட்டார். இல்லாத ஆட்கள் தெரிகிறார்கள், மனைவியை வேறு ஆள் என்கிறார், வயதான பிறகு வருகிற மனநோய் இது என்று சொல்லி மாத்திரை எழுதிக் கொடுத்தார். மாத்திரை ஆரம்பித்த கொஞ்ச நாளிலேயே சோபாவுக்குப் பின்னால் நின்றவர்கள் காணாமல் போனார்கள். கூடவே என் கணவரும் காணாமல் போனார். கை கால் கட்டையாகிவிட்டது, கண் சிமிட்டவில்லை, வாயில் விட்ட தண்ணீர் வெளியே வழிந்தது. அப்புறம் காய்ச்சல் வந்தது. அதே ஆஸ்பத்திரியில் எதிர்க் கட்டடத்தில், நரம்பியல் பிரிவில், அவரைச் சேர்த்துக்கொண்டார்கள்.

அங்கே இருந்த டாக்டரம்மா அவருடைய கையைத் தொட்டுப் பார்த்தார், மணிக்கட்டை மடக்கிப் பார்த்தார், தூக்கத்தில் உதைப்பாரா என்று கேட்டார், எழுத்து சின்னதாகிவிட்டதா என்று கேட்டார். எல்லாவற்றுக்கும் ஆமாம் என்றேன். மூளைக்குள் ஒரு வகைப் புரதம் திட்டுத் திட்டாகத் தங்கிவிடுகிறது, அதனால்தான் நடையும் மாறியது, ஆட்களும் தெரிந்தார்கள், மனைவியும் வேறு ஆளாகிவிட்டாள், எல்லாம் ஒரே நோய்தான் என்று சொன்னார். மற்றவர்களுக்குக் கொடுக்கிற மாத்திரையை இந்த நோய்க்காரர்களின் உடம்பு தாங்காதாம். ஒரே தலைதானே அவருக்கு இருப்பது, அதற்கு இரண்டு கட்டடம் கட்டி, நடுவில் ஒரு சாலையையும் போட்டு வைத்திருக்கிறீர்களே என்று டாக்டரம்மாவிடம் எரிந்து விழுந்தேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. முதல் டாக்டரும் மறுநாள் சாலையைக் கடந்து வந்து கட்டில் பக்கத்தில் நின்றார். ஒரே மாதிரி ஆரம்பிக்கிற நோய்கள் நிறைய இருக்கும்மா, எனக்குப் பிடிபடவில்லை என்றார். அவரைத் திட்ட நினைத்து வைத்திருந்ததெல்லாம் எனக்கு மறந்துவிட்டது.

வீட்டுக்கு வந்தார். உடம்பு கொஞ்சம் இளகியது, சோபாவுக்குப் பின்னால் வரிசையும் திரும்ப வந்தது. நான் மட்டும் திரும்ப வரவில்லை. புது மாத்திரையை என் கையிலிருந்து வாங்க மாட்டேன் என்றார். சாப்பாட்டையும் தொடவில்லை. அதட்டிக் கேட்கிற ஆளாக இருந்தால் அதட்டலாம். அவரோ கையைக் கூப்பி, முன்பின் தெரியாத உங்க கையால நான் எப்படிங்க சாப்பிடறது, என் வீட்டுக்காரி வந்து என்ன நினைப்பா என்கிறார். எனக்காகவே என்னை வேண்டாம் என்கிற மனுஷனை என்ன செய்வது? மகள் பக்கத்திலிருந்தால் இரண்டு வாய் சாப்பிடுவார். அவளுக்கு வேலை இருக்கிறது, குடும்பம் இருக்கிறது, எத்தனை நாள் லீவு போடுவாள்? இப்படியே போனால் உயிருக்கு ஆபத்து என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார். மகள் ஊர் எல்லையில் ஓர் இல்லத்தைப் பார்த்துவிட்டு வந்தாள். நல்ல இடம், அம்மா, நர்ஸுகள் இருக்கிறார்கள், நீ தினமும் போய்ப் பார்க்கலாம் என்றாள். போய்ப் பார்க்கலாம், அவருக்குத் தெரியாத யாரோ ஒருத்தியாக. சாப்பிட்டால் வீடு, சாப்பிடாவிட்டால் அந்த இல்லம். விஷயம் அவ்வளவுதான்.

மகள் அவருடைய துணிகளை எடுத்து வைத்துக்கொண்டிருந்த அன்று காலை, நான் மருந்துக்கடைக்குப் போயிருந்தேன். கடைக்காரர் ஏதோ மாற்று மருந்து இருக்கிறது என்று சொன்னதால், மருந்துச் சீட்டில் என்ன போட்டிருக்கிறது என்று மகளிடம் கேட்க வீட்டு போனுக்கு அடித்தேன். மகள் குளியலறையில் இருந்திருக்கிறாள். எடுத்தவர் அவர்.

"ஆபரேட்டர்" என்றார். "எங்க போயிட்ட நீ?"

கடை வாசலில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். யாரோ தண்ணீர் வேண்டுமா என்று கேட்டார்கள். அவர் குரல் உடைந்து உடைந்து வந்தது. இத்தனை நாளாக ஒரு வார்த்தை சொல்லாமல் போய்விட்டாயே, எனக்கு உடம்பு சரியில்லை, ஆஸ்பத்திரியில் இருந்தேன், நீ வரவே இல்லை என்றார். நான் வந்தேன், கூடவே இருந்தேன் என்று எப்படிச் சொல்வது? அழுகையை விழுங்கிக்கொண்டு கேட்டேன். பிறகு அவர் குரலைத் தாழ்த்தி, வீட்டில் ஒரு பெண் இருக்கிறாள், பார்க்க உன்னை மாதிரியே இருக்கிறாள், யார் என்று தெரியவில்லை, எனக்கு பயமாக இருக்கிறது என்றார். யோசித்துச் சொன்னதில்லை, என் வாயில் அது தானாக வந்தது.

"அவங்க நான் அனுப்பின ஆளுதாங்க. நர்ஸு. நம்பிச் சாப்பிடுங்க."

இதை முதலிலேயே சொல்லக் கூடாதா, அந்தம்மாவை எவ்வளவு சங்கடப்படுத்திவிட்டேன் என்று என்னையே திட்டினார். நான் வீட்டுக்கு வந்தபோது மேசையில் உட்கார்ந்திருந்தார். மன்னிச்சுக்கோங்க சிஸ்டர் என்றார். தட்டைப் போட்டேன். மிச்சம் வைக்காமல் சாப்பிட்டார், மாத்திரையை வாங்கி விழுங்கினார். மகள் எடுத்து வைத்த துணிகளைத் திரும்ப அலமாரியில் அடுக்கினாள். அடுக்கிக்கொண்டே அழுதாள்.

டாக்டரம்மாவிடம் இதைச் சொன்னேன். முகத்தை அடையாளம் காண்பது ஒரு வேலை, கண்டதும் நம்ம ஆளு என்று மனசு இளகுவது இன்னொரு வேலை, இவருக்கு அந்த இரண்டும் ஒன்றோடொன்று பேசிக்கொள்வதில்லை என்றார். முகம் சரியாகவே தெரிகிறது, இளக்கம் வரவில்லை, அதனால் இவள் வேறு யாரோ என்று மூளை முடிவு கட்டிவிடுகிறது. குரல் வேறு வழியாகப் போகிறது, முகம் எதிரில் இல்லாதபோது அந்த வழி இன்னும் திறந்திருக்கிறது போலிருக்கிறது. அவரோடு வாதாட வேண்டாம், இப்படியே போகட்டும் என்றார். நான் எழுந்து வரும்போது, "ரெண்டு பேரா இருக்கறது உங்களுக்குத் தாங்குமாம்மா?" என்று கேட்டார். தாங்காமல் என்ன என்று வீராப்பாகச் சொல்லிவிட்டு வந்தேன்.

அப்படி நான் என் வீட்டில் வேலைக்குச் சேர்ந்தேன். காலையிலும் மாலையிலும் செல்போனை எடுத்துக்கொண்டு படிக்கட்டுக்குப் போவேன், அங்கிருந்து மனைவியாகப் பேசுவேன். மகள் வீட்டில் இருக்கிறேன், அவளுக்கு ஒத்தாசையாக இருக்கிறேன், சீக்கிரம் வருவேன் என்பேன். பேசி முடித்துவிட்டு உள்ளே வந்தால், வீட்டுக்காரி பேசினாள் என்று நர்ஸிடம் ஆசையாகச் சொல்வார். அவளைப் பற்றிச் சொல்லிச் சொல்லி மாளாது அவருக்கு. கோபக்காரியாம், வாய் நீளமாம், ஆனால் மனசில் ஒன்றும் வைத்துக்கொள்ள மாட்டாளாம். அவள் குரலை முதலில் கேட்ட அன்று தப்பான கணக்கு அட்டையை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாராம். இதில் ஒரு வார்த்தை என்னிடம் சொல்லியிருப்பாரா? எனக்குச் சந்தோஷமாகவும் இருந்தது, அவள்மேல் பொறாமையாகவும் இருந்தது. ஒரு நாள் சாப்பாட்டு மேசையில், அவளைச் சொல்லக் கூடாது, ஆனா சமையல் உங்க அளவுக்கு வராது சிஸ்டர் என்றார். அன்று முழுக்க எனக்கு மூக்குக்கு மேல் கோபம்.

குளிப்பாட்டும்போதுதான் கஷ்டம். அவருக்கு வெட்கம். முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொள்ளுங்கள் என்பார். ஆயுசு முழுக்க என்னோடு வாழ்ந்த உடம்பு, என் எதிரில் துண்டைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு கூசி நிற்கும். நான் சுவரைப் பார்த்துக்கொண்டு தண்ணீரை ஊற்றுவேன். அப்போது அழுதாலும் அவருக்குத் தெரியாது.

ஆனால் படிக்கட்டிலிருந்து பேசப் பேச அவருக்கு ஏக்கம் அதிகமானது. சீக்கிரம் வருவேன் என்று நான் சொன்னதை வேதவாக்காக எடுத்துக்கொண்டு, நல்ல சட்டையைப் போட்டுக்கொண்டு வாசல் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார். நர்ஸு எவ்வளவு சொன்னாலும் எழுந்து வர மாட்டார். அதைப் பார்க்கிற தைரியம் எனக்கில்லை. நான் வேலை பார்த்த காலமெல்லாம் செய்தது என்ன? இந்தப் பக்கம் ஒருவர், அந்தப் பக்கம் ஒருவர், நடுவில் நான் இரண்டு லைனையும் சேர்த்துவிடுவேன். அதே புத்திதான் எனக்கு வந்தது. குரல் ஒரு வழியாகவும் முகம் இன்னொரு வழியாகவும் போகிறதென்றால், இரண்டையும் ஒரே நேரத்தில் கொடுத்தால் சேர்ந்துகொள்ளாதா என்று நினைத்தேன். யாரையும் கேட்கவில்லை. டாக்டரம்மாவைக் கேட்டிருந்தால் வேண்டாம் என்றிருப்பார், அதனால்தான் கேட்கவில்லை.

இன்றைக்கு வருகிறேன் என்று போனில் சொன்னேன். கீழே தெருவில் இறங்கிப் போய் அங்கிருந்து கூப்பிட்டேன். டாக்ஸியிலிருந்து இறங்கிவிட்டேன் என்றேன், படி ஏறுகிறேன் என்றேன். அவர் சிரிப்பது கேட்டது. மெதுவா வா, மூச்சு வாங்கப்போகுது என்றார். ஒவ்வொரு மாடியாகப் பேசிக்கொண்டே ஏறினேன். கதவு திறந்தே இருந்தது. போனைக் காதில் வைத்துக்கொண்டு பேச்சை விடாமல் அவர் எதிரில் போய் நின்றேன்.

"இதோ வந்துட்டேன் பாருங்க" என்றேன்.

அவர் காதில் இருந்த போனிலும் அது கேட்டது, என் வாயும் அசைந்தது. என் வாயையே பார்த்தார். போனைப் பார்த்தார். முகத்தில் ரத்தம் வற்றிவிட்டது. போன் கையிலிருந்து நழுவி விழுந்தது.

"அவ குரலையும் எடுத்துக்கிட்டீங்களா?" என்றார்.

நாற்காலியிலிருந்து எழுந்திருக்க முயன்று முடியாமல், இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார். அவளை என்ன செய்தீர்கள், அவள் எங்கே என்று திரும்பத் திரும்பக் கேட்டார். இல்லீங்க, இல்லீங்க என்றேன். அதையும் என் குரலில்தானே சொன்னேன். அவர் காதையும் பொத்திக்கொண்டார். எனக்கென்று மிச்சம் இருந்த ஒரே ஒரு வழியையும் நானே அடைத்துவிட்டேன் என்று அன்று நினைத்தேன். செத்துப்போகலாம் என்றுகூடத் தோன்றியது. அப்படித் தோன்றியதை மறைப்பதற்கில்லை.

போன் அடித்தால் பயந்தார். சாப்பாட்டைத் தள்ளிவிட்டார். மகள் மறுபடியும் வந்தாள், இல்லத்துக்கு மறுபடியும் போன் போட்டாள். இந்த நோயில் ஒரு நாள் இருக்கிற மாதிரி இன்னொரு நாள் இருக்காது. அன்றைக்குத் தெளிவு, மறுநாள் குழப்பம், எது எப்போது போகும், எது எப்போது வரும் என்று சொல்ல முடியாது. எங்கள் நல்ல காலமோ என்னவோ, ஒரு காலையில் அவர் எழுந்தபோது அந்தப் பயம் இல்லை. நடந்தது எதுவும் நினைவில்லை. சிஸ்டர், காபி கிடைக்குமா என்றார். எதிர்வீட்டுக்காரி கதவைத் திறந்து பார்க்க, படிக்கட்டுக்கு ஓடிப்போய் போன் அடித்தேன். ஆபரேட்டர் என்றார். அதற்குப் பிறகு நான் எதையும் சேர்க்கப் பார்க்கவில்லை. வருகிறேன் என்று சொல்வதையும் விட்டுவிட்டேன். அவர் கேட்டால் வேறு பேச்சுக்குத் தாவிவிடுவேன். பேச்சை மாற்றுவதில் எனக்கு யாரும் ஈடு கிடையாது.

அவரும் கேட்பதைக் குறைத்துக்கொண்டார். உடம்பு இறங்கிக்கொண்டே வந்தது. நடை நின்றது, பிறகு உட்காருவதும் நின்றது. முழுங்குவதற்குச் சிரமப்பட்டார், ஸ்பூன் ஸ்பூனாகக் கொடுத்தேன். தொண்டையைத் தடவிக்கொடுத்தால்தான் இறங்கும். குளிப்பாட்டும்போது வெட்கப்படுவதும் எப்போதோ நின்றுபோயிருந்தது. மத்தியானங்களில் என் கையைப் பிடித்துக்கொண்டு கிடப்பார். நான் மருந்துக்கடைக்குப் போய்வர நேரமானால், மகளிடம், அந்தம்மா போயிட்டாங்களா என்று கேட்டுக்கொண்டே இருப்பாராம். இனிமேல் நாள் கணக்குதான் என்று டாக்டரம்மா வீட்டுக்கே வந்து சொல்லிவிட்டுப் போனார். இல்லம் பற்றிய பேச்சை மகள் எடுக்கவில்லை. லீவு போட்டுவிட்டு வந்து கூடவே இருந்தாள்.

ஒரு நாள் சாயங்காலம் அவர் மகளிடம், உங்கம்மாவிடம் பேச வேண்டும் என்றார். அவராகக் கேட்டு வெகு நாளாகிவிட்டிருந்தது. நான் செல்போனை எடுத்துக்கொண்டு படிக்கட்டுக்குப் போய், உட்கார்ந்து, அடித்தேன். மகள் போனை அவர் காதில் வைத்துப் பிடித்துக்கொண்டாள். அவர் மூச்சு எனக்குக் கேட்டது. வார்த்தை வர நேரமாயிற்று.

"ஆபரேட்டர். நீ வர வேணாம்."

ஏங்க என்று கேட்டேன்.

"நீ வந்தா இந்தம்மா போயிடுவாங்க" என்றார். மறுபடியும் மூச்சு வாங்கினார். "அவங்க வீட்டுக்கே போறதில்ல. யாரும் இல்ல போலிருக்கு. எனக்கும் அவங்க இல்லாம ஆகாது. அவங்களை அனுப்பிடாத."

படிக்கட்டுச் சுவரில் தலையைச் சாய்த்துக்கொண்டேன். என் புருஷன் என்னை வேண்டாம் என்று சொல்கிறார். நான் கூடவே இருக்க வேண்டும் என்றும் அவர்தான் சொல்கிறார். இதில் எதற்கு அழுவது என்று எனக்குத் தெரியவில்லை. இரண்டுக்கும் சேர்த்துத்தான் அழுதேன், சத்தம் வராமல்.

கோபமா என்று கேட்டார். கோபம் இல்லீங்க, அவங்களை அனுப்ப மாட்டேன், அவங்க உங்க கூடவே இருப்பாங்க என்றேன். நீ நல்லா இருப்ப, உனக்குப் பொண்ணு இருக்கா என்றார். சரிங்க என்றேன். அவ்வளவுதான். வைத்துவிடு என்று மகளிடம் சொன்னது கேட்டது, லைன் போய்விட்டது.

முகத்தைக் கழுவிக்கொண்டு உள்ளே போனேன். மகள் என்னைப் பார்க்க முடியாமல் பால்கனிக்குப் போய்விட்டாள். கட்டில் விளிம்பில் உட்கார்ந்தேன். அவர் கையைத் துழாவி என் கையைப் பிடித்தார். வீட்டுக்காரியிடம் பேசிவிட்டேன், நீங்கள் எங்கேயும் போக வேண்டாம் என்றார். போகலைங்க என்றேன். பிறகு ஏதோ நினைத்துக்கொண்டவராக என் பக்கம் திரும்பினார்.

"இத்தனை நாளா கேக்கவே இல்ல பாருங்க. உங்க பேரு என்ன?"

என் பெயரைச் சொன்னேன்.

அவர் அதைக் கேட்டுக் கொஞ்சம் சிரித்தார். சிரிப்பதற்கு அவருக்கு இப்போது வெகு நேரம் பிடிக்கும்.

"என் வீட்டுக்காரி பேரும் அதான்" என்றார். "நல்ல பேரு."

என் கையை விடாமலே கண்ணை மூடிக்கொண்டார். அதற்குப் பிறகு அவர் அவளைக் கேட்கவில்லை, கடைசி வரைக்கும் என்னைத்தான் கேட்டார்.